தாராசுரம் கோயிலை நின்று நிதானமாகப் பார்க்க

கும்பகோணத்திலிருந்து மேற்கே சுமார் 4 கிலோமீட்டர். தஞ்சாவூர் ரோட்டில் போகும் பஸ்ஸில் ஏறி தாராசுரம் நிறுத்தத்தில் இறங்கினால், கொஞ்ச தூர நடைதான். இரண்டாம் ராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் இது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடிவிட்டது. வருகிறவர்களில் பலர் கல் தேரின் முன் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இக்கோயிலின் செல்வம் முழுவதும் சின்னச் சின்னச் சிற்பங்களில் இருக்கிறது. அதற்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

முதலில் நேரம். காலை எட்டு மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது. பதினொரு மணிக்குப் போனால் கல்தளம் வெறுங்காலைச் சுடும், நடையும் சாத்தும் நேரம் நெருங்கிவிடும், உச்சி வெயிலில் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் சாய்வாக விழுந்தால்தான் மேடு பள்ளம் பிரியும். வடக்குச் சுவருக்கு மார்கழி, தை மாதங்களில் நேர் வெயிலே கிடைக்காது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியனும் வடக்கே சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் ஒளி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள். கோயில் தாழ்வான இடத்தில் இருப்பதால் நந்திப் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும்.

நந்தி அருகே பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் சுரம் எழும் என்பார்கள். இப்போது அதைச் சுற்றிக் கம்பி அடைத்திருக்கிறது. தட்டிப் பார்க்க முயல வேண்டாம், பார்த்துவிட்டு நகருங்கள்.

அடுத்து ராசகம்பீரன் திருமண்டபம். தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் முன்மண்டபத்தைச் சக்கரமும் குதிரையும் சேர்த்துத் தேராகவே செய்திருக்கிறார்கள். தேரை வெளியிலிருந்து பார்த்ததோடு விட்டுவிடாமல் படியேறித் தூண்களுக்குப் போங்கள். ஒவ்வொரு தூணையும் நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். மன்மதன் எரிவது, பார்வதி தவம், குமரன் பிறப்பு என்று கதை துண்டு துண்டாக வருகிறது. நடனப் பெண்கள், கழைக்கூத்து ஆடுபவர்கள் எல்லோரும் இந்தக் குட்டிக் கட்டங்களில்தான் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுக்க வேண்டியது கருவறையைச் சுற்றி அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடித்தளத்தில், வரும் நாயன்மார் வரிசைக்கு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் ராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஒரு தலைமுறைக்குள் அந்தக் கதைகள் இங்கே கல்லில் ஏறிவிட்டன. எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்த்துக்கொண்டே போவதால் இது கண்ணில் படுவதில்லை. குனிந்து பாருங்கள். அறுபத்து மூவர் கதைகளை ஒரு முறை புரட்டிவிட்டு வந்தால் வேலை எளிது. கதைக்கு உரிய பொருளைத் தேடுங்கள்: வில் இருந்தால் கண்ணப்பர், குழல் ஆனாயர், உழவாரம் அப்பர், பசுக்களும் பால்குடமும் சண்டேசர், குளமும் தம்பதியர் பிடித்த தண்டும் திருநீலகண்டர். முதலை வாயிலிருந்து சிறுவன் வெளியே வரும் கட்டத்தைத் தவற விடாதீர்கள். அவிநாசியில் சுந்தரர் செய்த அற்புதம் அது. அத்தனை சின்ன இடத்தில் கோயிலும் குளமும் ஆளும் பிரிந்து தெரிகின்றன.

கட்டங்களை ஒட்டிப் பெயர்ப்பொறிப்பும் உண்டு. படிக்க முயன்று பாருங்கள். பழைய எழுத்து என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும், துணைக்காலும் ரகரமும் குழப்பும். கதையை முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் எழுத்துக்கு வந்தால் பெயர் தானே பிடிபடும். நிழலில் இருந்தால் செல்போன் டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் குழியும் மேடும் ஒன்றாகி எழுத்தே மறைந்துவிடும். எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. அவை நுண்துளைகளில் தங்கி அழுக்கைப் பிடிக்கும், கழுவித் தேய்க்கத் தேய்க்க எழுத்துதான் தேயும்.

வடக்குத் திருச்சுற்று மாளிகையில் (மதிலை ஒட்டிய தூண் வரிசை நடையில்) சைவ ஆசாரியர் 108 பேரின் உருவங்கள் பெயரோடு வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே பெரியநாயகி அம்மன் கோயில், தனிக் கட்டடம். வெளியே கிழக்கில் இடிந்து நிற்கும் பெரிய கோபுரத்தின் அடிப்பகுதியையும் போய்ப் பாருங்கள். கோயில் ஒரு காலத்தில் எவ்வளவு பரந்திருந்தது என்பது அங்கேதான் உறைக்கும்.

மறுநாள் தஞ்சாவூர் போக முடிந்தால் அரண்மனைக் கலைக்கூடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாராசுரத்திலிருந்து எடுத்துச் சென்ற சிற்பங்கள் அங்கே உள்ளன. யானையை உரித்த சிவனின் முன் சற்று நேரம் நில்லுங்கள். முதலாம் ராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்த துவாரபாலகரும் தாராசுரத்தில் இருந்து அங்கே போனவர்தான். அந்தச் செய்தி பீடத்திலேயே தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. தாராசுரத்தில் பழகிய கண்ணுக்கு அது சுலபமாகப் படிக்க வரும்.