பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலா? முதலில் அரம் பிடிக்கப் பழகு

பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. 3 வருஷம், 6 செமஸ்டர், முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதையெல்லாம் அட்மிஷன் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். இரும்பைக் கையால் அறுத்து, ராவிப் பொருத்தப் பழகும் ஃபிட்டிங் ஷாப்பைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. கணக்கில் அரியர் விழுந்தால் திரும்ப எழுதி எடுத்துவிடலாம். கைவேலை வரவில்லை என்பது வேலைக்குப் போன இடத்தில்தான் அம்பலமாகும்.

அங்கே செய்யச் சொல்லும் வழக்கமான ஜாப் வி-ஜாயின்ட். இரண்டு இரும்புத் துண்டு. ஒன்றில் வி வடிவப் பள்ளம், இன்னொன்றில் அதில் போய் உட்காரும் கூர். எடுத்தவுடன் வி-யை வெட்டப் போகாதே. ஒரு விளிம்பை நேராக்கி, அதற்கு 90 டிகிரியில் பக்கத்து விளிம்பையும் அரத்தால் தேய்த்து, அதாவது ராவி முடி. எல்லா அளவையும் இந்த இரண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் உன் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும். பின்னால் இழுக்கையில் அழுத்தினால் பல்தான் மழுங்கும். தள்ள ஆரம்பிக்கும்போது நுனியைப் பிடித்த இடது கை அழுத்தணும், போகப்போக வலது கைக்கு பாரம் மாறணும். மாறாவிட்டால் விளிம்பு நடுவில் மேடு தட்டிவிடும். 90 டிகிரி சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்: வெளிச்சம் கசியும் இடம் பள்ளம், அடைத்த இடம் மேடு. மேட்டை மட்டும் ராவு. ராவிய இடத்தை விரலால் தடவாதே, வியர்வை பட்டால் அரம் வழுக்கும். தூளை ஊதாதே, கண்ணில் விழும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் பல்லில் சிக்காது.

அடுத்தது மார்க்கிங். சாக் பூசி, ஸ்கிரைபர் என்ற கூர் கம்பியால் கோடு போட்டு, கோட்டின் மேல் டாட் பஞ்சால் சின்னப் புள்ளிகள் அடி. இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடின் பல் முன்னோக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு அறு. மிச்சத்தை ராவும்போது பஞ்ச் புள்ளி பாதி வட்டமாகத் தெரிந்தால் நிறுத்திவிடு, அளவு வந்துவிட்டது. முழுப் புள்ளியும் மறைந்தால் ஜாப் போச்சு. கூர் உள்ள துண்டை முதலில் முடி. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அளப்பது சுலபம். பிறகு பள்ளத்தை அதற்கு ஏற்ப ராவு.

டிராயிங்கில் பாதிப் பேர் தடுமாறுவது எந்தப் பக்கத் தோற்றம் (வியூ) எங்கே வரும் என்பதில். நம் பாடம் ஃபர்ஸ்ட் ஆங்கிள்: முன்பக்கத் தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம், வலப்பக்கத் தோற்றம் இடப்பக்கம். அமெரிக்க டிராயிங்கில் எல்லாம் தலைகீழ். அதனால் ஷீட்டைக் கையில் வாங்கியதும் டைட்டில் பிளாக் (விவரக் கட்டம்) பக்கம், எந்த முறை என்று காட்டும் கூம்புக் குறியைப் பார்.

அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பருக்கு மனப்பாடம் வேண்டாம். மெயின் ஸ்கேலின் 49 மில்லிமீட்டரை வெர்னியரில் 50 கோடாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம், அதுதான் லீஸ்ட் கவுன்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு. அளப்பதற்கு முன் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை எடுத்துவிடு, இல்லாவிட்டால் பிசிரையும் சேர்த்துத்தான் அளப்பாய்.

இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்துக்குப் போகும்போது சட்டைக் கையை மடித்துவிட்டு, ஷூவோடு போ. கிளவுஸ் கூடவே கூடாது. ஜாபைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைக் கழற்றி வைத்த பிறகுதான் சுவிட்சில் கை. ரெக்கார்டில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடு; செமஸ்டர் கடைசியில் இன்ஸ்ட்ரக்டரைப் பிடிப்பது பெரும்பாடு.