ஓட்டோகாட் பிளானைப் படமாக மாற்றும்போது எங்கே பிழை நேர்கிறது

வன்னியில் இன்றைக்கு ஒரு வீட்டுப் பிளான் கடதாசியில் போவதைவிட வட்ஸ்அப்பில் போவதுதான் அதிகம். காசு அனுப்புகிற அண்ணன் கனடாவில் இருப்பார். மேசன் புதுக்குடியிருப்பில் வளவுக்குள் நிற்பார். கீறியவர் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையில் இருப்பார். மூன்று பேரும் பார்ப்பது ஒரே ஜேபெக் படத்தை. அதில் 10'-3" என்ற அறை அளவு 10'-8" போலத் தெரிந்தால் அத்திவாரம் 5 அங்குலம் தள்ளி வெட்டப்படும். பிளான் கீறும் மென்பொருளான ஓட்டோகாட்டில் பைலைத் திறந்து பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும். பிளான் படமாக மாறிய இடத்தில்தான் அது சிதைந்திருக்கும்.

திரையைப் பிடித்து அனுப்புவது

ஆகக் கூடுதலாக நடக்கும் பிழை இதுதான். ஜேபிஜிஅவுட், பிஎன்ஜிஅவுட் ஆகிய கட்டளைகள் திரையில் தெரிவதை அப்படியே பிடித்துத் தருபவை. படத்தின் பிக்சல் அளவை அவற்றில் நீங்கள் தீர்மானிக்க முடியாது, திரைதான் தீர்மானிக்கும். 1366×768 திரையுள்ள பழைய மடிக்கணினியில் மேலே ரிப்பனும் கீழே கட்டளை வரியும் எடுத்த இடம் போக மிஞ்சுவதே உங்கள் படம். கறுப்புப் பின்னணியில் வேலை செய்தால் படமும் கறுப்பாகவே வரும். வட்டத் தூண் எண்கோணம் போல வந்தால் அதற்கும் காரணம் இதுவே: திரையில் வேகமாகக் காட்டுவதற்காக வட்டங்களைச் சிறு நேர்கோடுகளாகக் காட்டுகிறார்கள், அதையே கட்டளையும் பிடித்துக்கொள்கிறது. வட்டத்தின் சீர்மையைத் தீர்மானிக்கும் வியூரெஸ் அளவை 20000 ஆக்கி, திரையைத் திரும்பக் கீறும் ரீஜென் கட்டளை கொடுத்தால் வட்டம் சீராகும். பிக்சல் எண்ணிக்கை மட்டும் அதிகரிக்காது.

ஒரு சின்னச் சந்தேகத்தை விளக்க, ஒரு மூலையைக் காட்ட, இந்தக் கட்டளைகள் போதும். கட்டடம் எழும்பப் போகிற பிளானுக்கு இவற்றைப் பாவிக்கவே கூடாது.

எத்தனை பிக்சல் வேண்டும்?

இதைச் சின்ன எழுத்திலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். ஏ3 கடதாசியின் நீளம் 420 மி.மீ. படம் 1600 பிக்சல் அகலம் என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு 3.8 பிக்சல் கிடைக்கும். அளவு எழுத்துகள் வழமையாக 2.5 மி.மீ. உயரம். ஆக, ஒரு இலக்கத்துக்குக் கிடைப்பது 9 அல்லது 10 பிக்சல் உயரம். 3-க்கும் 8-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த இலக்கத்தின் இடப்பக்கம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டுமே, அதாவது இரண்டு மூன்று பிக்சல். ஜேபெக் அமுக்கத்தில் முதலில் அழிவது அதுதான்.

ஆகச் சின்ன எழுத்துக்கு 20 பிக்சல் உயரமாவது இருக்கட்டும். 2.5 மி.மீ. எழுத்துக்கு 200 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 200 பிக்சல்) ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். 300 டிபிஐயில் 29 பிக்சல் வரும். ஏ3 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் படம் 4961×3508 பிக்சல், ஏ4 என்றால் 3508×2480.

மெல்லிய கோடுகளுக்கும் இதே கணக்குத்தான். 0.13 மி.மீ. கோடு 100 டிபிஐயில் அரைப் பிக்சல்தான் வரும். அரைப் பிக்சலைக் காட்ட முடியாததால் அது சாம்பலாக மங்கும், அல்லது அங்கங்கே அறுந்து போகும். செங்கல் ஹட்ச் (நிரப்புக் கோடுகள்) அலையலையாகத் தெரிவதும் கோட்டு இடைவெளி பிக்சலுக்குள் அடங்காததால்தான்.

சின்னப் படத்தை எடுத்து வேறொரு மென்பொருளில் டிபிஐ இலக்கத்தை 72-இலிருந்து 300-ஆக மாற்றுவதால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. எத்தனை அங்குலத்தில் அச்சிடுவது என்ற குறிப்பு மட்டுமே மாறும். பெரிதாக்கிச் சேமித்தால் மங்கலும் சேர்ந்து பெரிதாகும்.

அளவுக்கு மிஞ்சினாலும் சிக்கல் உண்டு. ஏ1 தாளை 300 டிபிஐயில் முழு வண்ணத்தில் எடுத்தால் 9933×7016 பிக்சல். அமுக்காத நிலையில் அது 209 எம்பி வரும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினி அதில் திணறும், மேசனின் போன் திறக்கவே மறுக்கலாம். ஏ1-க்கு 200 டிபிஐயும் சாம்பல் நிறமும் போதும், அது 31 எம்பிக்குள் அடங்கும். கறுப்பு வெள்ளைப் பிளானை ஆவணமாகச் சேமித்து வைப்பதென்றால் டிஃப் வடிவத்தில் குரூப் 4 அமுக்கம் மிகவும் நல்லது. கோட்டுப் படங்களுக்கு பைல் நம்ப முடியாத அளவுக்குச் சிறுக்கும், ஒரு கோடும் கெடாது.

கடதாசி வழியாகப் போங்கள்

நம்பிச் செய்யக்கூடிய வழி, கீறிய மாடலை லேஅவுட்டில் (ஓட்டோகாட்டின் தாள் பக்கத்தில்) தாளாக ஒழுங்குபடுத்தி, பிடிஎப் ஆக்கி, அந்த பிடிஎப்பைப் படமாக்குவது. பேஜ் செட்டப்பில் பிரிண்டராக ‘டிடபிள்யூஜி டு பிடிஎப்’, தாளாக ‘ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட் ஏ3’, பிளொட் ஏரியாவாக (அச்செடுக்கும் பகுதி) ‘லேஅவுட்’, அளவுத்திட்டம் 1:1, பிளொட் ஸ்டைலாக ‘மொனோகுரோம்’ என்று வையுங்கள்.

லேஅவுட்டில் மாடலைக் காட்டும் சட்டமான வியூபோர்ட்டின் அளவுத்திட்டத்தில் பலர் தடுமாறுவது அலகுகளால். மில்லிமீற்றரில் கீறிய பிளானுக்கு 1:100 என்றால் 0.01 எக்ஸ்பி (எக்ஸ்பி என்பது தாளோடு ஒப்பிட்ட அளவு). நம்மிடையே அடி அங்குலத்தில் கீறுபவர்கள் அதிகம். ஒரு அலகு ஒரு அங்குலமாக இருந்து, லேஅவுட் மில்லிமீற்றரில் இருந்தால், அதே 1:100-க்கு 0.254 எக்ஸ்பி கொடுக்க வேண்டும். நில அளவைப் படம் மீற்றரில் வரும். 1:500-க்கு 2 எக்ஸ்பி, 1:1000-க்கு 1 எக்ஸ்பி.

வந்த பிடிஎப்பைப் படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் திறக்கும்போதே ரெசலூஷனைக் கேட்கும். அந்தப் பெட்டியில் இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் 300 என்று போடுங்கள். ஒருதடவை திறந்த பிறகு கூட்டினால் பயனில்லை. ஓட்டோகாட்டுக்குப் பதிலாக லிப்ரேகாட் பாவிப்பவர்களுக்கு வேலை இன்னும் சுருக்கம்: படமாக ஏற்றுமதி செய்யும் பெட்டியிலேயே பிக்சல் அளவு, வெள்ளைப் பின்னணி, கறுப்பு வெள்ளை எல்லாம் கேட்கப்படும்.

ஓட்டோகாட்டிலேயே ‘பப்ளிஷ் டு வெப்’ என்ற பெயரில் பிஎன்ஜி, ஜேபெக் பிளொட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் முன்கூட்டியே உள்ள தாள் அளவுகள் சிறியவை, கஸ்டம் பேப்பர் சைஸில் 4961×3508 என்று நீங்களே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கோடுகள் எல்லாம் ஒட்டடை போல மெலிந்து வந்தால் பிடிஎப் வழிக்கே திரும்புங்கள். அங்கே கோட்டுத் தடிப்பு தாளின் மில்லிமீற்றரிலேயே நிற்கும்.

காணாமல் போகும் கோடுகள்

கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரிந்த மஞ்சள் சுவர்க்கோடு வெள்ளைத் தாளில் மறைந்துவிடும். மொனோகுரோம் போட்டால் எல்லாம் கறுப்பாகும் என்று நினைப்போம். அது 1 முதல் 255 வரையான இலக்க நிறங்களை மட்டுமே கறுப்பாக்கும். ட்ரூ கலர் (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) கொடுத்து நிறம் தெரிவு செய்த கோடுகள் தங்கள் நிறத்திலேயே அச்சாகும். இதில் கொடியது 255,255,255 என்ற வெள்ளை. இலக்கம் 7 நிறம் பின்னணிக்கேற்ப வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறும், ட்ரூ கலர் வெள்ளை மாறாது. கோடு இருக்கும், அளவெடுத்தால் வரும், படத்தில் மட்டும் இருக்காது.

கழிவுநீர்க் குழாய்க் கோடு முழுவதும் படத்தில் வரவில்லை என்றால் அது டெஃப்பொயின்ட்ஸ் என்ற லேயரில் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லேயர் திரையில் தெரியும், பிளொட்டில் ஒருபோதும் வராது. முறிகோடுகள் முழுக்கோடாக வந்தால் முறிகோட்டு அளவைத் தீர்மானிக்கும் எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல் இரண்டையும் 1 ஆக்கி, ரீஜென்ஆல் கொடுத்துப் பாருங்கள். பின்னால் இணைத்த செய்மதிப் படத்துக்குப் பதிலாக ஒரு பெட்டியும் பைல் பாதையும் மட்டும் வந்தால் அந்தப் படம் வேறு கணினியிலேயே தங்கிவிட்டது. ஈட்ரான்ஸ்மிட் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே சிப் பைலாகக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை வராது.

பாமினியும் லதாவும்

தமிழில் பெயர் எழுதிய பிளான்களுக்கு உரிய பிழை இது. எங்களிடம் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிற பழக்கம் வலுவாக இருக்கிறது. பாமினி எழுத்துகள் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருக்கும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்கும். பாமினி இல்லாத கணினியில் பைலைத் திறந்து அச்செடுத்தால் ‘சமையலறை’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் கூட்டம் நிற்கும். கடைக்காரருக்கு அது தமிழ் என்றே தெரியாமல் போகலாம்.

ஆகவே எழுத்துரு இருக்கிற கணினியிலேயே பிடிஎப் எடுத்துவிடுங்கள். பிடிஎப் ஒப்ஷன்ஸ் பெட்டியில் எழுத்துருவைச் சேர்க்கிற தெரிவு இருக்கிறது. அதன் அருகிலேயே எல்லா எழுத்தையும் கோடுகளாக மாற்றும் தெரிவும் உண்டு. தமிழ்ப் பிளானுக்கு இரண்டாவதே பாதுகாப்பு. எழுத்து வெறும் வடிவமாகிவிடுவதால் எந்தக் கணினியிலும் மாறாது. பாமினி டெக்ஸ்ட் ஸ்டைலை அளவுகளுக்குக் கொடுக்காதீர்கள், அடி அங்குலக் குறிகளும் காற்புள்ளிகளும் கெட்டுப்போகக்கூடும். அளவுகளுக்குத் தனி ஸ்டைல் வையுங்கள்.

யூனிக்கோட்டில் எழுதினால் லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துரு கொடுங்கள். ஓட்டோகாட்டோடு வரும் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, கேள்விக்குறிகளே வரும். பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். படத்தைத் திறந்ததும் ‘தொட்டி’, ‘மேற்கு’ போன்ற கொம்புள்ள சொற்களை முதலில் வாசியுங்கள். அவை சரியென்றால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வளவு ஒரு புள்ளியாகத் தெரிந்தால்

நில அளவையாளர் தரும் படம் இலங்கையின் 1999 ஆள்கூற்று முறையில் இருக்கும். அதில் பிதுருதலாகலைக்கு கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். கிளிநொச்சி நகரம் கிழக்கு சுமார் 459,000, வடக்கு சுமார் 765,000 என்று விழும். அதே பைலில் வீட்டு பிளாக்கையோ வடக்குக் குறியையோ 0,0 இல் இட்டுவிட்டு, பிளொட் ஏரியாவை ‘எக்ஸ்டென்ட்ஸ்’ (கீறிய எல்லாவற்றையும் அடக்குவது) என்று வைத்தால் மென்பொருள் அந்த இரண்டையும் ஒரே தாளில் அடக்கப் பார்க்கும். இடைத்தூரம் 890 கிலோமீற்றருக்கு மேல். ஏ3 தாளில் 30 மீற்றர் வளவு 0.012 மி.மீ. ஆகிவிடும். படம் வெறும் வெள்ளைத் தாளாக வரும்.

இது நடந்தால் ஸூம் கட்டளையில் சென்டர் கொடுத்து 0,0-க்குப் போய், அங்கே கிடப்பதை அழியுங்கள். ஓஃப் செய்த லேயரில் உள்ளவையும் எக்ஸ்டென்ட்ஸ் கணக்கில் சேரும், ஃப்ரீஸ் செய்தவை சேராது. லேஅவுட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது. ஒன்றைமட்டும் செய்யாதீர்கள்: வசதிக்காக அளவைப் படத்தை 0,0-க்கு நகர்த்திச் சேமிக்காதீர்கள். எல்லைக் கல்லின் ஆள்கூறு அதோடு போய்விடும். காணிப் பிணக்கு என்று வந்தால் நம் பக்கத்துக்கு அந்த இலக்கங்கள்தான் துணை. நகர்த்தத்தான் வேண்டுமென்றால் ஒரு பிரதியில் செய்யுங்கள்.

அனுப்பும் வழியில் கெடுவது

ஜேபெக் என்பது போட்டோவுக்கு ஏற்ற வடிவம். படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அமுக்குவதால் கூர்மையான கறுப்புக் கோட்டைச் சுற்றி ஊத்தை படிந்தாற்போல் வரும். பிளானுக்கு பிஎன்ஜியே சரி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: இன்க்ஸ்கேப் போன்ற வரைதல் மென்பொருள்களில் எடுக்கும் பிஎன்ஜியின் பின்னணி வெறுமையாக இருக்கும். கணினியில் வெள்ளையாகத் தெரிந்தது, போனில் கறுப்புத் திரைமேல் விழும்போது கறுப்புக் கோடுகள் முழுவதும் மறைந்துவிடும். வெள்ளைப் பின்னணி நிரப்பிய பிறகே சேமியுங்கள்.

வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சாதாரண தரத்தில் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கி, ஜேபெக்காகவும் மாறும். 4961 பிக்சலில் பாடுபட்டு எடுத்தது திரும்பவும் 9 பிக்சல் இலக்கத்துக்கே வந்து நிற்கும். எச்டி தெரிவு கொஞ்சம் தாங்கும். பாதுகாப்பானது டொக்கியூமன்டாக அனுப்புவது, அப்போது பைல் இருந்தபடியே போகும். மேசனுக்கு முழு ஏ3-ஐயும் அனுப்புவதைவிட அத்திவாரம், தரைப் பிளான், வெட்டுமுகம் என்று வேறு வேறு படங்களாக அனுப்பினால் வெயிலில் நின்று பார்ப்பவருக்கு இலகு.

பிரதேச சபைக்குக் கொடுக்கும் பிரதியைப் படத்திலிருந்து அச்செடுக்காதீர்கள். கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ விழுந்தால் 1:100 என்று தலைப்பில் எழுதியிருக்கும், ஸ்கேல் வைத்து அளந்தால் வேறொன்று வரும். பிடிஎப்பைக் கொடுத்து, ‘அக்சுவல் சைஸ்’ என்று சொல்லி எடுங்கள். தாளின் அடியில் 0 முதல் 5 மீற்றர் வரை ஒரு அளவுச் சட்டம் கீறி வைத்தால் எந்தக் கடையில் எப்படிச் சுருங்கினாலும் சட்டமும் சேர்ந்தே சுருங்கும். 1:100 இல் அந்தச் சட்டம் சரியாக 50 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். அடிமட்டம் வைத்துப் பார்த்து, 47 அல்லது 48 வந்தால் அந்தத் தாளை வாங்காமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.