டிவி வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமா?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சிறிய வீடுகளில் மின்விசிறிச் சத்தத்தோடு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ இருப்பதால் வசனம் மங்கித்தான் கேட்கும். டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஸ்பீக்கரான சவுண்ட்பார், விலை குறைந்ததாக இருந்தாலும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிடும்.

வாங்கும்போது வாட் கணக்கில் மயங்காதீர்கள். டிவியின் ஒலியை ஒரே கேபிளில் சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (HDMI ARC) இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். டிவியின் பின்னால் ‘ஏ.ஆர்.சி.’ என்று அச்சிட்டிருக்கும் துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும்; பக்கத்துத் துளையில் செருகினால் டிவியின் ஒலி சவுண்ட்பாருக்குப் போகாது. அப்படியும் சத்தம் வரவில்லையா? டிவியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ (PCM) என்ற சுருக்கப்படாத ஒலி வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். புளூடூத் எளிதுதான், ஆனால் உதடு அசைந்த பிறகு பேச்சு வரக்கூடும்.

சவுண்ட்பாரை அலமாரிக்குள் தள்ளிவிடாமல் மேசையின் முன்விளிம்பை ஒட்டி வையுங்கள். செய்திக்கும் தொடருக்கும் ‘வாய்ஸ்’ அமைப்பே நல்லது. ஒரே சுவரைப் பங்கிடும் வீடுகளில் இரவானதும், கனத்த தாழ்ஒலி தரும் சப்வூஃபரைக் கட்டாயம் குறைத்துவிடுங்கள். அந்த அதிர்வு, தூங்கும் அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்பிவிடும்.