மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கி: அடிக்கடி மாற்றுவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் சட்டப்படி இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்வோர் பலர், வெயில் காலத்துக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, கோட் போட்டால் இன்னொன்று என்று கைக்கடிகாரம்போல மாற்றுகிறார்கள். நெருக்கடியில் துப்பாக்கியை இயக்குவது கைப்பழக்கம்தான், யோசிக்க நேரமிருக்காது.

1911 வகைக் கைத்துப்பாக்கியைப் பாருங்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் சிறு நெம்பான சேஃப்டியைக் கட்டைவிரலால் கீழே தள்ளினால்தான் சுடும். பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் சேஃப்டி ஸ்லைடின் (சுடும்போது பின்னே நகரும் மேற்பகுதி) மேல் இருக்கிறது. அதை மேலே தள்ள வேண்டும். கிளாக் 19-இல் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. கிளாக்கில் ஆறு மாதம் பழகியவர் ஒரு நாள் 1911-ஐச் செருகிக்கொண்டு போனால், அவசரத்தில் உருவி விசையை அழுத்துவார், ஒன்றும் நடக்காது. கைப்பிடியின் சாய்வும் வேறு. 1911-க்குப் பழகிய கை கிளாக்கை நீட்டினால் குழல்முனை மேல்நோக்கிப் போகும். பெரெட்டாவில் விசையின் முதல் அழுத்தம் நீளம், கனம். அடுத்தது குட்டை, லேசு. ஒரே மாதிரி அழுத்தத்துக்குப் பழகியவருக்கு முதல் தோட்டாவே குறி தவறலாம்.

இரண்டு வேண்டும் என்றால் ஒரே குடும்பத்தில் வாங்குங்கள். கிளாக் 19-உம் 26-உம் இயக்கத்தில் ஒன்றே. 19-இன் 15 தோட்டா மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 26-இல் பொருந்தும். 26-இன் 10 தோட்டா மேகசின் நீளம் போதாததால் 19-இல் நிற்காது.

வாங்கும்போதே நடக்கும் தவறு, கடையில் இருப்பதிலேயே லேசானதைக் கேட்பது. ரூகர் எல்சிபி காலியாக ஏறத்தாழ 270 கிராம்தான். பாக்கெட்டில் சுகம், சுட்டால் உதைக்கும், சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. இருபது தோட்டாவில் கை வலித்துப் பயிற்சியையே விட்டுவிடுவார்கள். பெண்களுக்கு ஏற்றது என்று கடைக்காரர் நீட்டும் ஐந்து தோட்டா குட்டி ரிவால்வரும் அப்படித்தான்: எளிமை உண்மை, ஆனால் விசை மிகக் கனம். சுடுதளத்தில் இரண்டு மூன்றை வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுட்டுப் பாருங்கள். பிடியை மாற்றாமல் விரல் விசைக்கு எட்டுகிறதா, ஸ்லைடை இழுக்க வலு போதுமா, மேகசின் பொத்தானைத் தொட முடிகிறதா என்பதே கேள்வி.

பல நேரம் குறை துப்பாக்கியில் இல்லை, உறையில்தான். வாய் மடிந்துபோகும் துணி உறையில் திரும்பச் செருகும்போது சட்டை நுனி விசைக்கூண்டுக்குள் சிக்கினால் வெடிக்கும். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையும் விறைப்பான ஒன்றரை அங்குல பெல்ட்டும் வேண்டும். இன்று வயிற்றின் முன், நாளை இடுப்பின் பின் என்று இடம் மாற்றுவதும் துப்பாக்கியை மாற்றுவதும் ஒன்றுதான்.

தினமும் இறக்கி அதே தோட்டாவை மறுபடி சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஏற்றினால் அதன் குண்டு தோட்டாக் கூட்டுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஏந்தப்போகும் தோட்டாவில் 50 ஆவது தடங்கலின்றிச் சுட்ட பிறகே நம்பலாம். ஸ்பிரிங்கையோ விசையையோ மாற்றினால் அந்தச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டமும் உண்டு. நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் எந்தத் துப்பாக்கி என்பது உரிமத்திலேயே பதிவாகும். பட்டியலில் இல்லாததைச் செருகிக்கொண்டு கிளம்ப முடியாது. அந்த இரண்டு மாநிலங்களிலும் மேகசினுக்கு 10 தோட்டாதான் வரம்பு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை.

வீட்டுப் பயிற்சிக்கு மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வழக்கமாகப் போடும் சட்டைக்குள்ளிருந்தே உருவிப் பழகுங்கள். பத்து நிமிடம் போதும். ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். தோட்டா ஏற்றிய பிறகு ‘இன்னும் ஒரே தடவை’ என்று அழுத்தும்போதுதான் சுவரில் ஓட்டை விழுகிறது.