குறைந்த கட்டணப் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியை மதிப்பிடுவது எப்படி? வெளிநாட்டில் குடியேறும் பெற்றோருக்கான வழிகாட்டி

வேலை நிமித்தம் வேறு நாட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு வீடு பார்ப்பதைவிடப் பள்ளி பார்ப்பதே பெரிய கவலை. நிறுவனம் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் பெயர்பெற்ற பள்ளியில் சேர்த்துவிடலாம். சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டுபவர்கள் குறைந்த கட்டணப் பள்ளியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கட்டணம் குறைவு என்பதாலேயே ஒரு பள்ளி மட்டமாகிவிடாது. நீச்சல் குளமும் பெரிய அரங்கமும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, அந்தப் பணத்தை நல்ல ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வரவேற்பறையை அலங்கரிக்கும் பள்ளிகளும் உண்டு. எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: எந்தப் பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்று கேளுங்கள்

பெயரில் 'பிரிட்டிஷ்' என்று இருப்பதால் பிரிட்டன் அரசு அந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. தொடக்க வகுப்புகளில் இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம். மற்றொன்று கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அமைப்பு உலகப் பள்ளிகளுக்கென்று உருவாக்கிய பிரைமரி, லோயர் செகண்டரி பாடத்திட்டங்கள். எந்த வழியில் வந்தாலும் 14 முதல் 16 வயது வரை ஐஜிசிஎஸ்இ (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது), பிறகு 18 வரை ஏ லெவல் (நம் பிளஸ் டூ போன்றது) என்பதே வழக்கமான பாதை. சில ஆண்டுகளில் பிரிட்டனுக்கே குடிபெயரும் எண்ணம் இருந்தால் முதல் வழி தொடர்ச்சிக்கு எளிது.

வகுப்பைக் குறிக்கும் 'இயர்' எண்ணையும் கவனியுங்கள். இயர் 1 என்பது ஐந்து வயது நிறைந்த குழந்தைகளுக்கானது. இங்கிலாந்து முறையில் செப்டம்பர் 1 அன்றுள்ள வயதே கணக்கு. ஆகவே இயர் 10 என்பது ஏறத்தாழ நம் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் இயர் 13 வரை உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இயர் 11 முடிந்ததும் வேறு பள்ளி தேடும் நிலை பிள்ளைக்கு வரக்கூடாது.

படி 2: பள்ளி சொல்வதைப் பள்ளிக்கு வெளியே சரிபாருங்கள்

பிரிட்டன் கல்வித் துறை 'பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்' என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்துகிறது. துறை ஒப்புதல் அளித்த ஆய்வு நிறுவனங்கள் பள்ளிக்கே சென்று பார்த்து அறிக்கை எழுதுகின்றன. அந்த அறிக்கை பொதுவில் கிடைக்கும். கற்பித்தலின் தரம், மாணவர் பாதுகாப்பு பற்றிய பகுதிகளை முழுமையாகப் படியுங்கள். அறிக்கையின் ஆண்டையும் பாருங்கள். இந்த ஆய்வுக்குச் செலவாகும் என்பதால் சிறிய பள்ளிகள் சில இதில் சேராமல் இருக்கலாம். அப்படியானால் அந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் உரிமத்தையும் ஆய்வு முடிவுகளையும் கேளுங்கள்.

'கேம்பிரிட்ஜ் பள்ளி' என்ற முத்திரைக்கு அளவுக்கு மீறிய மதிப்பு கொடுக்க வேண்டாம். அந்தப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கவும் தேர்வு நடத்தவும் பதிவு பெற்ற பள்ளி என்பதே அதன் பொருள். அந்தப் பதிவு உண்மையா என்று கேம்பிரிட்ஜ் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதிவே இல்லாமல், மாணவர்களை வேறொரு தேர்வு மையத்தில் தனித்தேர்வர்களாக எழுத வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. எந்த மையத்தில், யார் பெயரில் தேர்வு எழுதுவார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள்.

படி 3: தேர்வு முடிவுகளைத் துருவிப் பாருங்கள்

'95 சதவீதம் தேர்ச்சி' என்று விளம்பரத்தில் இருந்தால், எத்தனை பேர் எழுதினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இயர் 10-இல் இருந்த எல்லோரும் இயர் 11-இல் தேர்வு எழுதினார்களா, பின்தங்கியவர்களை வெளியே அனுப்பிவிட்டார்களா என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வி கணிதம் பற்றியது. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ கணிதத்தில் 'கோர்' (அடிப்படை), 'எக்ஸ்டெண்டட்' (விரிவானது) என இரண்டு நிலைகள் உண்டு. கோர் எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் பெற முடியாது. பெரும்பாலானவர்களைக் கோர் நிலையில் நிறுத்தித் தேர்ச்சி விகிதத்தை உயர்த்திக் காட்டும் பள்ளியில், ஏ லெவலில் கணிதமும் இயற்பியலும் படிக்க விரும்பும் பிள்ளையின் வழி அடைபட்டுப்போகும்.

மூன்று ஆண்டு முடிவுகளைப் பாடவாரியாகக் கேளுங்கள். தரத் தயங்கும் பள்ளியை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

படி 4: ஆசிரியர்களைப் பற்றிக் கேளுங்கள்

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்தப் படிதான். ஆசிரியரின் நாடும் நிறமும் தரத்துக்கு அளவுகோல் அல்ல. இயர் 12 வேதியியலை யார் எடுக்கிறார், அவர் படித்த பட்டம் என்ன, ஆசிரியர் பயிற்சி பெற்றவரா, இந்தப் பாடத்திட்டத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று பாடம் பாடமாகக் கேளுங்கள். பிறகு, சென்ற கல்வியாண்டில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், நடு ஆண்டில் விலகியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். குறைந்த கட்டணப் பள்ளிகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: சம்பளம் குறைவாக இருந்தால் நல்ல ஆசிரியர் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார், தேர்வு ஆண்டில் இருக்கும் பிள்ளை புதிய முகங்களுக்கு நடுவில் அல்லாடும்.

எல்லாப் பணியாளர்களுக்கும், அவர்கள் முன்பு வேலை பார்த்த நாடுகளிலும் சேர்த்து, காவல்துறைச் சான்று பெறப்பட்டதா என்றும் கேளுங்கள். குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் பெயரைக் கேட்டதும் சொல்லத் தெரிய வேண்டும்.

படி 5: சாதாரண வேலைநாளில் போய்ப் பாருங்கள்

பெற்றோருக்கான சிறப்பு நாளில் எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். வகுப்பு நடக்கும் நாளில் அனுமதி கேளுங்கள். மாணவர்களின் நோட்டுப் புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டிப் பாருங்கள்: ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, வெறும் சரிக்குறி மட்டுமா, பிழையை மாணவர் மறுபடி எழுதிப் பழகியிருக்கிறாரா? ஆய்வகத்தில் கருவிகள் புழக்கத்தில் உள்ளனவா? ஐஜிசிஎஸ்இ அறிவியலில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக அதற்கு மாற்றான எழுத்துத் தேர்வைப் பள்ளி தேர்ந்தெடுக்கலாம். அது முறையான ஏற்பாடுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஆய்வகத்தைப் பூட்டி வைத்திருந்தால் பிள்ளைக்குத்தான் இழப்பு.

படி 6: முழுச் செலவையும் எழுதிக் கூட்டுங்கள்

விண்ணப்பக் கட்டணம், வைப்புத்தொகை, கட்டட நிதி, சீருடை, புத்தகம், பஸ், மடிக்கணினி, கூடுதல் ஆங்கில வகுப்பு, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக வரும் தேர்வுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் சேருங்கள். மேல் வகுப்புகளில் கட்டணம் கூடும் என்பதால் மூன்று ஆண்டுக் கணக்காகப் போடுங்கள். திடீரென ஊர் மாற வேண்டியிருந்தால் எவ்வளவு முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், வைப்புத்தொகை எப்போது திரும்பும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படி 7: சேரும் ஆண்டைத் தீர்மானியுங்கள்

ஐஜிசிஎஸ்இ இரண்டு ஆண்டுப் படிப்பு. இயர் 11-இல் பள்ளி மாறினால், பழைய பள்ளி கேம்பிரிட்ஜ், புதிய பள்ளி பியர்சன் எடெக்ஸெல் என்று தேர்வு நடத்தும் வாரியமே மாறிப்போகலாம். பாடப் பகுதிகளும் தேர்வுத் தாள்களும் பொருந்தாது. முடிந்தால் இயர் 10 அல்லது இயர் 12 தொடக்கத்தில் சேருங்கள். பிள்ளை படிக்க விரும்பும் பல்கலைக்கழகம் கேட்கும் ஏ லெவல் பாடங்களை முதலில் தெரிந்துகொண்டு, அவை பள்ளியின் கால அட்டவணையில் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா என்று பாருங்கள். சிறிய பள்ளியில் உயிரியலும் கணிதமும் ஒரே வேளையில் வந்து, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை இருக்கலாம். அந்த அட்டவணையைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.