கச்சோலத்தில் காசை விடும் இடங்கள்

இளம் ரப்பர் நிற்கிற விளையில், வரிசைகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் மண்ணில் கச்சோலம் (இஞ்சிக் குடும்பத்து வாசனை மருந்துக்கிழங்கு) போடலாமா என்று குமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், தென்னை இடைவெளியிலும் வரும். களை எடுங்கள், தொழுவுரம் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு மே மாதமும் புதிதாக இறங்குகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மூட்டையில் வரும் விதைக்கிழங்கு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு ஹெக்டேருக்கு 700 முதல் 800 கிலோ வரை விதைக்கிழங்கு வேண்டும், செலவில் பெரும் பங்கு அதுதான். அதனால் எவன் மலிவாகத் தருகிறானோ அவனிடம் மூட்டையாக வாங்கிவிடுகிறார்கள். அந்த மூட்டையில் பத்துப் பேர் பாத்தி கலந்திருக்கும், அதிலும் யாருடைய பாத்தி அழுகத் தொடங்கியதோ அவர்தானே முந்திக்கொண்டு தோண்டி விற்பார்?

கடையாலுமூடு பக்கம் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், வளைகுடாவிலிருந்து திரும்பியவன், இப்படித்தான் வாங்கி நட்டான். முளைப்பு அருமை. ஜூலை மழையில் இலை ஓரம் சுருண்டு மஞ்சளடித்தது. "மழை கூடிப்போச்சு அண்ணா, அதான்" என்று சொல்லிவிட்டு போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பூஞ்சைமருந்து) குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிட்டுக் காட்டினேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு நூல் கீழே இறங்கியது. அது பாக்டீரியா வாடல். போர்டோ, பூஞ்சையால் வரும் இலையழுகலுக்குச் சரி, ஆனால் கிழங்குக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது. நம் ஊர் நிலம் பெரும்பாலும் சரிவு, மேல்பாத்தியில் தொடங்கியது மழைத்தண்ணீரோடு இறங்கிக் கீழ்ப்பாத்திகளையும் பிடித்துவிட்டது. கிருமி மண்ணிலேயே தங்கும், இஞ்சி, தக்காளி, கத்தரி எதையும் விடாது. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு விளையையே கெடுத்துக்கொண்டான்.

சரி, நல்ல விதையை எப்போது தேர்ந்தெடுப்பது? அறுவடையின்போது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்போது இலை காய்ந்திருக்கும், நோய்ப்பட்டது எது, படாதது எது என்று கண்டுபிடிக்க முடியாது, கிழங்கின் பருமனைப் பார்த்து ஏமாறுவோம். செப்டம்பர், அக்டோபரில் இலை பச்சையாக நிற்கும்போதே சுற்றிப் பாருங்கள், ஒரு செடிகூட வாடாத பாத்திகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அவற்றை மட்டும் தனியாகத் தோண்டி, நிழலில், ஈரம் ஏறாத குழியில் உலர்ந்த மணலோடு அடுக்கி மே வரை வைத்தால் போதும். முதல் முறை நடுகிறவர்கள் அதே மாதங்களில் தெரிந்த விவசாயியின் விளையை நேரில் பார்த்துவிட்டு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கஸ்தூரி, ரஜனி ரகங்கள் கேரள வேளாண் பல்கலைக்கழகத்துடையவை, எறணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் உள்ள அவர்களுடைய ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் தேங்கும் பள்ளம்

வேண்டாம்.

மண் அணைப்பது

இதன் இலை தரையோடு படிந்து கிடக்கும். மம்பட்டியால் வாரிப் போட்டால் இலை மூடிவிடும். கையால் அணையுங்கள்.

அவசரத் தோண்டல்

நவம்பரில் யாரோ நல்ல விலை சொன்னார் என்று தோண்டுகிறார்கள். நட்டு ஏழு மாதமாவது ஆகி, இலை தானாகக் காய வேண்டும். அதோடு நமக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டே, நறுக்கிப் போட்ட வில்லையை எங்கே காயவைப்பீர்கள்? இரண்டு நாள் வெயில் மறைந்தால் பூசணம் பிடிக்கும், வாசனை போகும், வாசனைக்குத்தான் விலையே. ஜனவரி வெயிலில் ஒரே கனமாக வட்டம் வட்டமாக நறுக்கி, சுத்தமான தளத்தில் மெல்லிசாகப் பரப்பி நாலு நாள் காயவிடுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி குவித்து வைத்து, மறுநாள் இன்னொரு வெயில் காட்டி மூட்டை கட்டலாம்.

மறு வருடமும் அதே பாத்தி

கூடாது. இஞ்சி, மஞ்சள் போட்டிருந்த இடமும் கூடாது. இடையில் மரச்சீனியோ (மரவள்ளி) பயறோ போடுங்கள்.