பிரிம்ரோஸ் இலையில் புள்ளியா? முதலில் இலையைத் திருப்புங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா, ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு வாசலில் நாலு பூச்சட்டி வைக்காமல் யாருக்கும் மனசு கேட்காது. கீழே ஈப்போ வெயிலில் வாடிவிடும் பிரிம்ரோஸ், ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரக் குளிரில் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதே மழையும் பனியும் இலைப்புள்ளி நோய்க்கும் பிடித்தமானவை. புள்ளியைப் பார்த்ததும் பூஞ்சை மருந்து வாங்க ஓடாதீர்கள். வந்திருப்பது பாக்டீரியா என்றால் பெரும்பாலான பூஞ்சை மருந்துகளால் பலன் இல்லை. முதலில் யார் என்று தெரியட்டும். இங்கே முக்கியமாக நாம் தேடப்போவது ரமுலாரியா பிரிமுலே என்ற பூஞ்சையை.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, டிஷ்யூ, தண்ணீர். கையுறையும் வேண்டும். பிரிமுலா ஒப்கோனிகா என்ற வகையைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

1. செடி எது?

இலைப்புள்ளிப் பூஞ்சைகளில் பல, குறிப்பிட்ட செடியையோ அதன் நெருங்கிய உறவையோதான் பிடிக்கும். அதனால் செடியின் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சைக்ளமன், பிரிம்ரோஸ் குடும்பம். நம்மூர் மூலிகையான காச்சிப் பாத்திமாவும் அதே குடும்பம்தான், பார்த்தால் நம்ப முடியாது! மருந்துக்கடையில் எண்ணெயாக விற்கும் ஈவினிங் பிரிம்ரோஸுக்குப் பெயர் மட்டும்தான் ஒற்றுமை, அது வேறு குடும்பம்.

2. மேல்பக்கம்

ரமுலாரியாவின் புள்ளி முதலில் வெளிர் மஞ்சளாகத் தெரியும். பிறகு நடுப்பகுதி காய்ந்து பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறும், சுற்றிலும் அகலமான மஞ்சள் வளையம் நிற்கும். நரம்புகள் தடுப்பதால் பல புள்ளிகள் வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாக இருக்கும். இதை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு கட்டக்கூடாது. மஞ்சள் வளையம் பாக்டீரியாப் புள்ளியிலும் வரும்.

3. அடிப்பக்கம்

தேயிலையில் கொப்புள நோயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் வெள்ளைப் பூச்சை இலையின் அடியில்தான் தேடுவோம். பிரிம்ரோஸ் இலையைத் திருப்பி, புள்ளிக்கு நேர் அடியில் லென்ஸை வையுங்கள். கண்ணுக்கு மிக அருகில் லென்ஸைப் பிடித்து, இலையை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மாவு தூவியதுபோல் மிக நுண்ணிய வெள்ளைக் கொத்துகள் தெரிந்தால் ரமுலாரியா என்ற சந்தேகம் வலுக்கிறது. இலையில் இயல்பாகவே இருக்கும் முடிகளைப் பூஞ்சை என்று எண்ணிவிடாதீர்கள். முடி இலை முழுவதும் இருக்கும். பூஞ்சை புள்ளிக்குள்தான் இருக்கும்.

4. ஒன்றும் தெரியவில்லையா?

வெயில் காலத்தில் வெள்ளை தெரியாமல் போகலாம். டப்பாவில் ஈர டிஷ்யூவை விரித்து, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி இலையை வைத்து மூடுங்கள். தண்ணீர் தேங்கக்கூடாது, ஈரம் போதும். நிழலில் வைத்து மறுநாளிலிருந்து தினமும் பாருங்கள். மூன்று நாளுக்குமேல் விட்டால் செத்த இலையைத் தின்னும் வேறு பூஞ்சைகள் வந்து குழப்பிவிடும்.

5. மற்றவர்களை விலக்குதல்

புள்ளியின் மேல் மிளகைப் பொடித்ததுபோல் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் பில்லோஸ்டிக்டா அல்லது அஸ்கோகைட்டா என்ற வேறு பூஞ்சைகளாக இருக்கலாம். ஈரம் சொட்டுகிற மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் தெரியும் புள்ளி என்றால், டப்பாவிலும் பூஞ்சை முளைக்கவில்லை என்றால், சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். வாடிய பூவிலும் பழுத்த இலையிலும் சாம்பல் நிறப் புழுதி படர்ந்தால் அது போட்ரைடிஸ் என்ற பூஞ்சை, அதற்குச் சீரான புள்ளியே கிடையாது. வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்து, புள்ளி பரவாமல் நின்றுவிட்டால் நோயே இல்லை.

6. மைக்ரோஸ்கோப் கிடைத்தால்

பள்ளியில் பாடம் எடுக்கும் அக்காவோ அண்ணனோ தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒட்டும் டேப்பை அடிப்பக்க வெள்ளையில் மெதுவாக அழுத்தி எடுத்து, ஸ்லைடில் ஒரு துளி தண்ணீர்மேல் ஒட்டி, 400 மடங்கில் பாருங்கள். நிறமற்ற சிறு காம்புகளும், ஒல்லியான உருளை வடிவ வித்துகளும், சில இடங்களில் சங்கிலியாகக் கோத்த வித்துகளும் தெரிந்தால், ரமுலாரியா என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம், மாதிரியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்துப் புத்தகத்துக்கு அடியில் காயவிட்டு, செடியின் பெயர், இடம், தேதி எழுதி வையுங்கள். மீதி நோய் இலைகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். தண்ணீரைக் காலையில், இலை நனையாமல், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.